மரம் நடுவதும் ஆட்சிதான்: பெர்மாண்ட்சியின் ஏடா சால்ட்டர்

இங்கிலாந்தில் வரி செலுத்தும் பெண்கள் நகர உள்ளாட்சித் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமையை 1869-ஆம் ஆண்டிலேயே பெற்றுவிட்டார்கள். திருமணமான பெண்ணுக்கு அந்த உரிமை இல்லை என்று நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்ததால், கணவனை இழந்தவர்களும் மணமாகாதவர்களுமே நடைமுறையில் வாக்காளர்களாக இருந்தார்கள். ஆயினும் அதே நகர மன்றத்தில் ஒரு பெண் உறுப்பினராக அமர்வதற்கு 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வாக்களிக்கத் தகுதியுள்ளவர், வாக்குக் கேட்கத் தகுதியற்றவராக 38 ஆண்டுகள் இருந்தார் என்பதே இதன் பொருள். பின்னாளில் லண்டனின் முதல் பெண் மேயரான ஏடா சால்ட்டரின் கதையை இந்தத் தாமதத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இந்தத் தாமதத்திற்குள் ஒரு தெளிவான கணக்கு இருந்தது. பள்ளிக் குழுக்களில் பெண்கள் 1870 முதலே அமர முடிந்தது. ஏழைகள் நிவாரணத்தை நடத்திய காவலர் குழுக்களுக்கு 1875 முதல் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். 1894-ஆம் ஆண்டுச் சட்டம் கிராம மன்றங்களையும் வட்ட மன்றங்களையும் அவர்களுக்குத் திறந்துவிட்டது. குழந்தைகள், நோயாளிகள், அநாதைகள் ஆகியோரைக் கவனிப்பது வீட்டு வேலையின் நீட்சி என்று கருதப்பட்டதால் அங்கெல்லாம் எதிர்ப்பு ஓரளவுக்கு மேல் எழவில்லை. பெருநகர மன்றங்களும் கவுண்டி (மாவட்ட) மன்றங்களும் அப்படிப்பட்டவை அல்ல. கடன் வாங்கவும், நிலம் கையகப்படுத்தவும், ஒப்பந்தம் வழங்கவும் அவற்றால் முடியும். பணமும் நிலமும் முடிவாகும் அறைக்குள் பெண்களை விடுவதற்குத்தான் மனம் வரவில்லை.

1889-இல், தலைநகர் முழுவதற்குமான மன்றமாகிய லண்டன் கவுண்டி கவுன்சிலுக்கு நடந்த முதல் தேர்தலில் இது வெளிச்சத்துக்கு வந்தது. பிரிக்ஸ்டனில் லேடி சாண்ட்ஹர்ஸ்டும், போ அண்ட் பிராம்லியில் ஜேன் காப்டனும் மக்கள் வாக்கால் வென்றார்கள். எம்மா கான்ஸ் ஆல்டர்மனாக, அதாவது கவுன்சிலே தேர்ந்தெடுக்கும் மூத்த உறுப்பினராக, நியமிக்கப்பட்டார். லேடி சாண்ட்ஹர்ஸ்டிடம் தோற்ற வேட்பாளர் நீதிமன்றம் சென்றார். பெண் என்பதால் அவர் தேர்தல் செல்லாது என்று தீர்ப்பாகி, அந்த இடம் தோற்றவருக்கே போனது. காப்டனின் தேர்தலை எதிர்த்து உரிய காலத்துக்குள் யாரும் வழக்குத் தொடுக்காததால் அவர் இருக்கை தப்பியது. ஆனால் கவுன்சிலில் வாக்களித்ததற்காக அவர்மீது தனியே வழக்குத் தொடரப்பட்டு அபராதம் விதிக்கப்பட்டது. மக்கள் தேர்ந்தெடுத்த ஒருவர், தன் பதவிக்காலத்தின் எஞ்சிய பகுதியைக் கை உயர்த்தாமல் உட்கார்ந்து கழிக்க வேண்டியதாயிற்று.

அதன்பின் நடந்தது இன்னும் மோசம். 1894-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாக லண்டனின் பழைய திருச்சபை வட்டார மன்றங்களில் பெண்கள் சிலர் உறுப்பினராக இருந்தார்கள். 1899-இல் அந்த மன்றங்களைக் கலைத்து 28 பெருநகர பரோக்களை (தனித்தனி கவுன்சில் கொண்ட நகர்ப் பகுதிகளை) உருவாக்கியபோது, புதிய கவுன்சில்களிலும் பெண்கள் தொடரலாம் என்ற திருத்தத்தைக் காமன்ஸ் அவை ஏற்றது. பிரபுக்கள் அவை அதை நீக்கிவிட்டது. கையில் இருந்த இடங்களும் பறிபோயின. உரிமை என்பது ஒருமுறை கிடைத்தால் நிலைத்துவிடும் என்று நம்புபவர்களுக்கு இந்த எட்டாண்டு இடைவெளி நினைவில் இருக்க வேண்டும்.

1907-ஆம் ஆண்டுச் சட்டம், பால் வேறுபாடோ திருமணமோ ஒரு பெண்ணைக் கவுன்சிலராவதிலிருந்து தடுக்காது என்று அறிவித்தது. ஆனால் லண்டனுக்கு வெளியே உள்ள நகரங்களில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் போட்டியிட முடியும். மனைவியரின் பெயரோ அந்தப் பட்டியலில் இல்லை. குடியிருப்பே போதுமான தகுதி என்ற நிலை அங்கு 1914-இல்தான் வந்தது. லண்டன் பரோக்களின் விதிகள் இவ்விஷயத்தில் தளர்வாக இருந்தன. அந்தத் தளர்வு இல்லாமலிருந்தால் இக்கட்டுரையின் நாயகி, மருத்துவர் ஒருவரின் மனைவி, 1909-இல் வேட்பாளராகவே ஆகியிருக்க மாட்டார்.

அந்தச் சில ஆண்டுகளில் நுழைந்தவர்களில் பலரும் பெயர் பெற்றவர்கள். நாட்டின் முன்னோடிப் பெண் மருத்துவரான எலிசபெத் காரெட் ஆண்டர்சன் 1908-இல் ஆல்ட்பரோ நகரத்தின் மேயரானார். இங்கிலாந்தின் முதல் பெண் மேயர் அவரே. அதே ஆண்டில் மார்கரெட் ஆஷ்டன் மான்செஸ்டர் கவுன்சிலுக்கும், அடுத்த ஆண்டில் எலினார் ராத்போன் லிவர்பூல் கவுன்சிலுக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். இவர்கள் எல்லோரும் வசதியான, செல்வாக்குள்ள குடும்பங்களின் பெண்கள். 1909 நவம்பரில் தென்கிழக்கு லண்டனின் பெர்மாண்ட்சி பரோவில் வென்ற ஏடா சால்ட்டரின் வழி வேறு. அந்தப் பரோவின் முதல் பெண் கவுன்சிலர் அவர். லண்டன் முழுவதிலும் தொழிலாளர் இயக்கத்தின் சார்பில் கவுன்சிலரான முதல் பெண்ணும் அவரே.

ஏடா பிரவுன் 1866-இல் நார்தாம்ப்டன்ஷயரில், பூட்ஸ் தைக்கும் தொழிலுக்குப் பேர்போன ராண்ட்ஸ் என்ற சிற்றூரில், மெதடிஸ்ட் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தார். முப்பது வயதில் லண்டனுக்கு வந்து மேற்கு லண்டன் மிஷனில் சேவை செய்தார்; 1897-இல் பெர்மாண்ட்சி செட்டில்மென்ட்டுக்கு மாறினார். படித்தவர்கள் ஏழைகளின் நடுவில் குடியேறி வாழ்ந்து, கல்வியும் மருத்துவமும் சட்ட உதவியும் அளிப்பது செட்டில்மென்ட் இயக்கத்தின் நோக்கம். அங்கே ஏடாவுக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு, தொழிற்சாலைகளில் வேலை செய்த இளம்பெண்களின் மன்றங்கள்.

அன்றைய பெர்மாண்ட்சியை ஒரு நொடி மனத்தில் நிறுத்த வேண்டும். தேம்ஸ் நதிக்கரையில் ஏறத்தாழ 1,500 ஏக்கருக்குள் சுமார் 1,30,000 பேர். படகுத்துறைகள், தோல் பதனிடும் கூடங்கள், பீக் ஃப்ரீன் பிஸ்கட் ஆலை, ஜாம் ஆலைகள், வினிகர் ஆலை. துறைமுகத்தில் ஆண்களுக்கு அன்றாடக் கூலி; வேலை கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. எனவே ஜாம் காய்ச்சும் மனைவியரும் மகள்களும் கொண்டுவரும் சொற்பக் கூலியே பல வீடுகளில் அடுப்பை எரிய வைத்தது. ஒரு முற்றத்தைச் சுற்றிய வீடுகள் பலவற்றுக்கு ஒரே தண்ணீர்க் குழாய், ஒன்றிரண்டு கழிப்பறைகள் என்பது வழக்கமான ஏற்பாடு.

செட்டில்மென்ட்டில்தான் கைஸ் மருத்துவமனையில் பயின்ற ஆல்ஃபிரட் சால்ட்டரை ஏடா சந்தித்தார். 1900-இல் திருமணம். ஆராய்ச்சியில் ஒளிமயமான எதிர்காலம் இருந்த அந்த மருத்துவர், பெர்மாண்ட்சியிலேயே ஆறு பென்ஸ் கட்டணத்தில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார். அதையும் தர இயலாதவர்களிடம் வாங்கவில்லை. இருவரும், போரை எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவான குவேக்கர் நெறியை ஏற்றவர்கள். 1902-இல் மகள் ஜாய்ஸ் பிறந்தபோது அவர்கள் முன் ஒரு கேள்வி நின்றது: நோயும் புகையும் சூழ்ந்த இடத்தில் குழந்தையை வளர்ப்பதா, வசதியுள்ளவர்கள் செய்ததுபோல் வெளியே அனுப்பிவிடுவதா? அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு இல்லாத பாதுகாப்பைத் தம் பிள்ளைக்கு மட்டும் வாங்கிக்கொள்வதில்லை என்று முடிவெடுத்தார்கள். ஜாய்ஸ் அந்தப் பகுதிப் பள்ளியிலேயே படித்தாள். 1910 ஜூனில், எட்டு வயதில், செங்காய்ச்சலில் இறந்தாள். வேறு குழந்தை அவர்களுக்கு இல்லை.

ஏடா கவுன்சிலராகி ஓர் ஆண்டுகூட நிறைவடையாத காலம் அது. அந்த முடிவு சரியா, ஒரு குழந்தையின் உயிரைக் கொள்கையின் பக்கம் வைக்கப் பெற்றோருக்கு உரிமை உண்டா என்று கேட்பது நியாயமான கேள்விதான். அதற்கு எளிய விடை என்னிடம் இல்லை. ஆனால் பின்னாளில் அவர் வீட்டுவசதி பற்றியும் திறந்தவெளி பற்றியும் பேசியதை மேல்தட்டுப் பெண்ணொருத்தியின் பரோபகாரம் என்று யாரும் ஒதுக்க முடியாததற்கு இதுவே காரணம். சேரியின் விலையை அவரும் செலுத்தியிருந்தார்.

அரசியலில் அவர் கணவரின் பின்னால் வந்தவர் அல்லர். முதலில் இருவருமே லிபரல் கட்சியினர். ஏடா பெர்மாண்ட்சி லிபரல் மகளிர் சங்கத்தின் தலைவர். 1906-இல் பெரும் வெற்றியுடன் ஆட்சிக்கு வந்த லிபரல் அரசு, பெண்கள் வாக்குரிமையில் தந்த நம்பிக்கையைக் காப்பாற்றாததைக் கண்டு அவர் கட்சியை விட்டு விலகி, அவ்வாண்டே தொடங்கப்பட்ட மகளிர் தொழிலாளர் லீகில் சேர்ந்தார். அப்போது ஆல்ஃபிரட் இன்னும் லிபரல் ஆதரவு அணியில்தான் இருந்தார். 1908-இல்தான் அவரும் விலகி, சுயேச்சைத் தொழிற்கட்சியின் கிளையைப் பெர்மாண்ட்சியில் நிறுவினார். அந்தக் கட்சியின் வேட்பாளராகத்தான் அடுத்த ஆண்டு ஏடா வென்றார். அப்போது அவர் பரோவின் துணைவிதியை இயற்றலாம், வரியை நிர்ணயிக்கலாம். நாடாளுமன்ற உறுப்பினரைத் தேர்ந்தெடுக்க வாக்களிக்க முடியாது.

தனியொரு உறுப்பினராக அந்த மன்றத்தில் பெரிதாக எதையும் சாதிக்க முடியவில்லை. 1912 தேர்தலில் அந்த இடமும் கைவிட்டுப் போயிற்று. இடையில் அவர் செய்த முக்கிய வேலை கவுன்சில் அறைக்கு வெளியே நடந்தது. 1911 ஆகஸ்ட் மாதக் கொடும் வெயிலில் பெர்மாண்ட்சியின் ஜாம், பிஸ்கட் ஆலைகளிலிருந்து சுமார் 15,000 பெண்கள் வேலையை விட்டு வீதிக்கு வந்தார்கள். பெண் தொழிலாளர் தேசியக் கூட்டமைப்பின் மேரி மக்கார்தர் வந்து வேலைநிறுத்தத்துக்கு வடிவம் கொடுத்தார். செட்டில்மென்ட்டின் இளம்பெண்கள் மன்றங்களின் வழியே அந்தப் பெண்களைப் பெயர் சொல்லி அறிந்திருந்த ஏடா, வேலைநிறுத்தக் குடும்பங்களுக்கு உணவு சேரும் ஏற்பாட்டை முன்னின்று நடத்தினார். வேலைநிறுத்தம் நடந்த 21 ஆலைகளில் 18-இல் கூலி உயர்ந்தது. பெர்மாண்ட்சியில் தொழிற்கட்சி பிற்காலத்தில் அசைக்க முடியாத பலம் பெற்றதற்குத் துறைமுகத் தொழிலாளர்களை மட்டும் காரணமாகச் சொல்வது வழக்கம். அந்தப் பெண்களை விட்டுவிட்டால் அந்த வரலாறு பாதிதான்.

முதல் உலகப் போரின்போது சால்ட்டர் தம்பதியர் வெளிப்படையாகப் போரை எதிர்த்தார்கள். கட்டாய ராணுவச் சேவையை மறுத்தவர்களுக்குத் துணை நின்றார்கள். 1917-இல் கென்ட் மாவட்டத்தின் ஹார்ட்லியில் ஃபேர்பி கிரேஞ்ச் என்ற பெரிய வீட்டை வாங்கி, சிறையிலிருந்து உடல் நொறுங்கி வெளிவந்த மறுப்பாளர்கள் தேறுவதற்கு இடமளித்தார்கள். போருக்குப் பின் அதே வீடு பெர்மாண்ட்சித் தாய்மார்கள் பிரசவத்துக்குப் பிறகு ஓய்வெடுக்கும் இல்லமாயிற்று. அதன் தோட்டத்தில் வளர்ந்த செடிகளும் மரக்கன்றுகளும் பரோவின் தெருக்களுக்கு வந்தன.

1919-இல் ஏடா மீண்டும் கவுன்சிலரானார். 1922 நவம்பரில் தொழிற்கட்சி பெரும்பான்மை பெற்றபோது அவர் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்: லண்டனின் முதல் பெண் மேயர், நாட்டிலேயே தொழிற்கட்சியின் முதல் பெண் மேயர். மேயருக்குரிய அங்கியையும் பொற்சங்கிலியையும் அவர் அணிய மறுத்தார். அதே மாதத்தில் ஆல்ஃபிரட் மேற்குப் பெர்மாண்ட்சியின் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1918-ஆம் ஆண்டுச் சட்டப்படி முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே நாடாளுமன்ற வாக்குரிமை. ஆகவே ஏடாவை மேயராக்கிய இயக்கத்தின் முதுகெலும்பான ஆலைப் பெண்களில் பெரும்பாலோருக்கு அந்த வாக்கு 1928 வரை கிட்டவில்லை.

அவருடைய ஆட்சியின் இதயம் மேயர் பதவியில் இல்லை; 1920-இல் கவுன்சில் அமைத்த அழகுபடுத்தும் குழுவில் இருந்தது. பெயரைக் கேட்டால் இலேசான விஷயம்போலத் தோன்றும். வீடு இடிந்து விழும் இடத்தில் பூ எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் ஒரு பரோ கவுன்சிலின் அதிகார எல்லையை அறிந்தவர்களுக்கு அந்தத் தேர்வின் நுட்பம் புரியும். வீடு கட்டக் கடன் வேண்டும். கடனுக்கு மேலிடத்து அனுமதி வேண்டும். சேரியை அகற்ற லண்டன் கவுண்டி கவுன்சிலோடும் அமைச்சகத்தோடும் ஆண்டுக்கணக்கில் வாதாட வேண்டும். தெருவோரத்தில் மரம் நடவும், மூடிக்கிடந்த தேவாலயக் கல்லறை வளாகத்தைத் தோட்டமாக்கவும், நகராட்சிக் கட்டடங்களின் சன்னல்களில் பூத்தொட்டி வைக்கவும் அவ்வளவு அனுமதி தேவையில்லை. பெரிய வேலைக்குப் போராடிக்கொண்டே, கைக்கெட்டிய வேலையை அன்றே தொடங்குவது என்ற அரசியல் அது.

1930-களுக்குள் பெர்மாண்ட்சியின் தெருக்களில் சுமார் 9,000 மரங்கள் நடப்பட்டிருந்தன. ஆலைப் புகையைத் தாங்கும் இனங்களைத் தேர்ந்து நட வேண்டியிருந்தது. கண்ட மரத்தைக் கொண்டுவந்து ஊன்றினால் அங்கே பிழைக்காது. செயின்ட் ஜேம்ஸ் தேவாலய வளாகம் குழந்தைகள் விளையாடும் இடமாகி, பெரிய சறுக்குமரம் ஒன்றும் அங்கு வந்தது. குடியிருப்பவர்களே சன்னலிலும் முற்றத்திலும் செடி வளர்க்கும்படி போட்டிகளும் பரிசுகளும் வைக்கப்பட்டன. பின்னாளில் தேசியத் தோட்டக் கழகத்தின் தலைவராகவும் ஏடா இருந்தார். காற்று, வெளிச்சம், பசுமை ஆகியவை உடல்நலத்தின் பகுதி என்பதோடு, அழகுக்கு அருகில் வாழ்வது பணக்காரரின் தனிச்சொத்தாக இருக்கக்கூடாது என்பதும் அவருடைய உறுதியான எண்ணம். பிந்தையதை அவர் கூச்சமின்றிக் கவுன்சிலின் வரவுசெலவுத் திட்டத்துக்குள் கொண்டுவந்தார் என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஏழைக்குச் சோறும் கூரையும் போதும், மற்றதெல்லாம் ஆடம்பரம் என்ற எண்ணம் அன்றைய நல்லெண்ணக்காரர்களிடமும் பரவலாக இருந்தது.

வீட்டுவசதியில் அவர் கண்ட கனவு முழுதாக நிறைவேறவில்லை. சேரிகளை இடித்து அடுக்குமாடிகளைக் கட்டுவதை அவரும் அவர் தோழர்களும் விரும்பவில்லை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தோட்டத்தோடு ஒரு சிறிய வீடு என்ற தோட்ட நகர் இலட்சியத்தைத் துறைமுகத்தின் நடுவிலேயே நிறுவ நினைத்தார்கள். மேலதிகார அமைப்புகள் அந்த நெருக்கடியான நிலத்தில் அடுக்குமாடியே பொருந்தும் என்றன. இழுபறிக்குப் பிறகு, 1924-இல் முதல் தொழிற்கட்சி அரசு அமைந்தபோது வழி பிறந்தது. மிக மோசமானதென்று பேர்பெற்ற சாலிஸ்பரி தெருப் பகுதியை அகற்றி, ஈவார்ட் கல்பின் வடிவமைப்பில் வில்சன் குரோவ் என்ற பெயரில் 54 வீடுகள் எழுந்தன. இன்றும் அவை இருக்கின்றன. இன்று பார்த்தாலும் அழகானவை.

ஆனால் 54 வீடுகள் மட்டுமே. எதிர்த்தவர்களின் வாதத்தில் இருந்த உண்மையை மறைக்க வேண்டியதில்லை. அந்த அடர்த்தியில் எல்லோருக்கும் தோட்ட வீடு தருவதென்றால் மக்களில் பெரும் பகுதியினர் வேறிடம் போயாக வேண்டும். துறைமுகத்தில் விடியற்காலையில் ஆள் எடுக்கும் இடத்துக்கு அருகில் குடியிருப்பது தொழிலாளிக்குப் பிழைப்பு. பின்னர் கவுன்சிலும் அடுக்குமாடிகளையே கட்டியது. மரங்களும் பூங்காக்களும் அந்த அடுக்குமாடிகளைச் சூழ்ந்து நின்றன என்பது, தோற்ற இலட்சியம் எடுத்துக்கொண்ட மாற்று வடிவம் என்று சொல்லலாம்.

பெர்மாண்ட்சி கவுன்சிலின் பொதுச் சுகாதாரப் பணியும் இதே காலத்தில் நாடறிந்ததாயிற்று. சுகாதாரத் துறை தானே படங்கள் எடுத்து, வண்டியில் திரையோடு தெருத்தெருவாகக் கொண்டுபோய்க் காட்டியது. காசநோய்க்கு ஒளிச்சிகிச்சை தரும் நிலையம் 1926-இல் திறக்கப்பட்டது. குளியலறை இல்லாத வீடுகளின் நடுவே பொதுக் குளியல் நிலையமும் துணி துவைக்கும் கூடமும் வந்தன. இந்தப் பணிகளில் ஆல்ஃபிரட்டின் மருத்துவ அறிவும் ஏடாவின் குழு வேலையும் பிரித்தறிய முடியாதபடி கலந்திருந்தன.

நதிக்கு அப்பாலுள்ள பாப்ளர் பரோவோடு ஒப்பிட்டால் ஏடாவின் முறை தெளிவாகத் தெரியும். 1921-இல் பாப்ளரின் கவுன்சிலர்கள் நியாயமற்ற வரிப் பங்கீட்டை எதிர்த்துக் கவுண்டி கவுன்சிலுக்குச் சேர வேண்டிய தொகையை நிறுத்தி, முப்பது பேர் சிறை சென்றார்கள். அவர்களில் ஐவர் பெண்கள். அந்தத் தியாகத்தால் லண்டனின் பணக்காரப் பரோக்கள் ஏழைப் பரோக்களின் நிவாரணச் செலவில் பங்கேற்கும் நிலை வந்தது. பெர்மாண்ட்சியும் அதனால் பயனடைந்தது. (1931-இல் காந்தி லண்டனில் தங்கிய கிங்ஸ்லி ஹாலை நடத்திய மூரியல் லெஸ்டரும் பாப்ளர் கவுன்சிலில் பணியாற்றியவர்தான்.) சட்டத்தை மீறிப் போராடுவதும், சட்டம் தரும் சின்னஞ்சிறு அதிகாரத்தைக் கடைசித் துளிவரை பயன்படுத்துவதும் ஆகிய இரு வழிகளும் அக்காலத்தில் ஒன்றுக்கொன்று துணையாகவே இயங்கின.

1925-இல் ஏடா தெற்கு ஹாக்னியிலிருந்து லண்டன் கவுண்டி கவுன்சிலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் லேடி சாண்ட்ஹர்ஸ்ட் வெளியேற்றப்பட்ட அதே அவை. 1934-இல் ஹெர்பர்ட் மாரிசன் தலைமையில் தொழிற்கட்சி அங்கு ஆட்சியைப் பிடித்தபோது, பெர்மாண்ட்சியில் சோதித்துப் பார்த்த பசுமைக் கொள்கை தலைநகர் முழுவதற்குமான திட்டமாகும் வாய்ப்பு வந்தது. நகரைச் சுற்றியுள்ள நிலத்தைக் கட்டடங்களிலிருந்து காக்க 1935-இல் கவுண்டி கவுன்சில் நிதி ஒதுக்கியது. 1938-இல் அதற்கான பசுமை வளையச் சட்டம் வந்தது. அதற்காக வாதாடியவர்கள் பலர். தெருமரத்திலிருந்து தொடங்கி அந்த இடத்துக்கு வந்தவர்களில் ஏடா முக்கியமானவர்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் குண்டுவீச்சு பெர்மாண்ட்சியை நொறுக்கியது. அவர்கள் வாழ்ந்த ஸ்டார்க்ஸ் சாலை வீடும் தப்பவில்லை. ஏடா 1942 டிசம்பரில் இறந்தார். சதக் பார்க்கில் அவர் முயற்சியால் உருவான ரோஜாத் தோட்டத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. ஆல்ஃபிரட் 1945-இல் மறைந்தார். அதன்பின் நெடுங்காலம் ஏடா, 'டாக்டர் சால்ட்டரின் மனைவி' என்ற அளவில் நின்றுவிட்டார். 1949-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாறு கணவருடையது. 1991-இல் தேம்ஸ் கரையில் நிறுவப்பட்ட சிற்பத் தொகுதியில் முதிய ஆல்ஃபிரட்டும், ஜாய்ஸும், அவள் பூனையும் இருந்தார்கள், ஏடா இல்லை. நாடாளுமன்ற உரைகள் உறுப்பினரின் பெயரோடு அச்சாகின்றன. நகராட்சிக் குழுவின் தீர்மானம் குழுவின் பெயரிலேயே பதிவாகிறது. உள்ளாட்சியில் உழைத்த பெண்கள் பலர் மறக்கப்பட்டதற்கு இந்தப் பதிவு முறையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

2011-இல் ஆல்ஃபிரட்டின் வெண்கலச் சிலையை உலோகத் திருடர்கள் கொண்டுபோனார்கள். அப்பகுதி மக்கள் இயக்கம் நடத்தி 60,000 பவுண்டு திரட்டினார்கள்; இன்று பெர்மாண்ட்சியை உள்ளடக்கிய சதக் பரோவின் கவுன்சில் அதற்கு இணையான தொகையைத் தந்தது. 2014 நவம்பரில் தொகுதி மீண்டும் நிறுவப்பட்டபோது, மக்களின் வற்புறுத்தலால் ஏடாவின் உருவமும் அதில் புதிதாகச் சேர்க்கப்பட்டது.